தெருவோரத்துத் தற்செயல் சிற்பங்கள்: கேள்வி பதில்

தெருவோரத்தில் எறியப்பட்டோ ஒட்டுப்போடப்பட்டோ கிடக்கும் பொருள்கள், யாரும் திட்டமிடாமலே சிற்பம்போல் அமைந்துவிடுவதைத் 'தற்செயல் சிற்பம்' என்று சொல்லி, அவற்றைப் படம் எடுக்கச் சொல்கிறார் கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில் ஓவியம் கற்பிக்கும் ஆசிரியர். அவரிடம் வாசகர்கள் கேட்டவை இவை.

கோவிந்தாபுரம் வாசகர்: மாஷே, உடைந்த நாற்காலியைச் சிற்பம் என்பது வெறும் பேச்சழகுதானே?

பதில்: இல்லை. 1933ஆம் ஆண்டிலேயே புகைப்படக் கலைஞர் பிரசாய் இத்தகைய தற்செயல் சிற்பங்களை எடுத்த படங்களை, ஓவியர் சால்வதோர் டாலியின் குறிப்புகளோடு பாரிசின் 'மினோட்டார்' இதழ் வெளியிட்டது. சுருட்டப்பட்ட பேருந்துச் சீட்டும் அவற்றில் ஒன்று. நீங்கள் சொல்லும் நாற்காலியையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் கடைவீதியில் ஒன்று நிற்கிறது. ஒடிந்த நான்காவது காலுக்குப் பதிலாகச் செங்கல் அடுக்கி, முதுகுச் சட்டத்தின் பிளவை டியூப் துண்டால் இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். அந்தக் கறுப்பு முடிச்சுக்கும் வெயிலில் வெளுத்த பிளாஸ்டிக்குக்கும் நடுவே, எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். சிற்பத்தில் நாம் தேடுவதும் அதைத்தான்.

வேலந்தாவளம் வாசகி: எந்தக் கேமரா வாங்கலாம்?

பதில்: கையில் இருக்கும் போனே போதும். காலையில் வெயில் சாய்வாக விழும் நேரத்தில் செல்லுங்கள்.

வாளையாறு வாசகர்: சாலைக் குழியில் சிவப்புத் துணி கட்டி நட்ட கிளையை நீங்கள் சிற்பம் என்கிறீர்கள். அது எச்சரிக்கைக்காக வைத்தது. தற்செயலும் அல்ல, எறிந்த பொருளும் அல்ல.

பதில்: நியாயமான மறுப்பு. நட்டவருக்கு நோக்கம் உண்டு. ஆனால் அந்த நோக்கம், இரவில் பைக்கில் வருபவர் விழாமல் இருக்க வேண்டும் என்பதோடு முடிந்துவிடுகிறது. கிளை சாய்ந்த கோணத்தையும் துணி தொங்கும் விதத்தையும் எவரும் திட்டமிடவில்லை; அந்தப் பகுதியைத்தான் தற்செயல் என்கிறேன். 1914இல் கலைஞர் மார்செல் துஷாம் தன் கலைப்பொருளாகத் தேர்ந்தெடுத்த போத்தல் உலர்த்தும் சட்டமும் வேறொரு வேலைக்காகச் செய்யப்பட்டதே. 1942இல் ஓவியர் பிக்காசோ சைக்கிள் இருக்கையையும் கைப்பிடியையும் இணைத்துக் காளைத்தலை ஆக்கியது வேறு வகை. அங்கே கலைஞரின் கை சேர்ந்துவிட்டது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: படத்துக்காக அந்தக் கிளையைப் பிடுங்கவோ நகர்த்தவோ கூடாது.

அதே வாசகர்: அப்படியானால் பழுதான லாரியைச் சுற்றி வைத்த கற்கள்?

பதில்: லாரி நிற்கும்வரை அவையும் காவல்தான், தொடாதீர்கள். லாரி போன பிறகும் கிடந்தால் ஆபத்து. பாதுகாப்பாக முடிந்தால் ஓரத்தில் தள்ளிவிடுங்கள். படம் அதற்குப் பிறகுதான்.

சித்தூர் வாசகர்: படம் நன்றாக வர, பொருளைச் சற்றே திருப்பி வைக்கலாமா?

பதில்: கூடாது. இதே கேள்வி வேறு நால்வரிடமிருந்தும் வந்திருக்கிறது. எல்லோருக்கும் இதுவே பதில். பொருளைத் திருப்பாமல் நீங்கள் நகருங்கள்.

கோவிந்தாபுரம் வாசகர்: அந்த நாற்காலியை, குப்பை சேகரிக்கும் ஹரித கர்ம சேனையினர் எடுத்துப் போய்விட்டால்?

பதில்: எடுத்துப் போகட்டும்; அவர்கள் வேலையைத் தடுக்காதீர்கள். அவர்கள் முகம் படத்தில் விழுமானால், எடுப்பதற்கு முன்பே அனுமதி கேளுங்கள்.