புது காருக்கு ஒரே வேகம் ஆகாது

கேள்வி: அண்மையில் புதிய பெட்ரோல் கார் வாங்கினோம். முதல் 1,000 கிலோமீட்டருக்கு 60-ஐத் தாண்டவே கூடாது என்கிறார் என் மாமா. மலேசியாவின் மலாக்காவரை ஒரே ஓட்டமாகப் போய்வந்தால் இன்ஜின் பழகிவிடும் என்கிறார் நண்பர். யார் சொல்வதைக் கேட்பது?
- வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: மாமாவின் அக்கறை நியாயமானது. ஆனால் வேகத்தைவிட முக்கியமானது, இன்ஜின்மீது விழும் சுமை கூடிக் குறைய வேண்டும் என்பதே. சிலிண்டரின் உட்சுவரில் ஆயில் தங்குவதற்காகத் தொழிற்சாலையிலேயே குறுக்கும் மறுக்குமாக மெல்லிய கீறல்களை இட்டிருப்பார்கள். பெட்ரோல் எரியும்போது எழும் வாயு, சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையத்தின் பின்னே புகுந்து அதைச் சுவரோடு அழுத்த, அக்கீறல்களின் கூர்முனைகள் தேய்ந்து, வளையமும் சுவரும் ஒன்றுக்கொன்று பொருந்திக்கொள்கின்றன. ஆக்சிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் ஓட்டிக்கொண்டே இருந்தால் இந்த அழுத்தம் போதாமல் சுவர் வழவழப்பாகிவிடக்கூடும். பிறகு ஆயில், வளையத்தைத் தாண்டி மேலேறி எரிந்து குறைந்துகொண்டே வரும். தொடக்கத்திலேயே முழுவதுமாக மிதிப்பதும் தவறு. உரசும் பாகங்கள் அளவுக்கு மீறிச் சூடேறிவிடும்.

எனவே முதல் 1,000 முதல் 1,500 கிலோமீட்டர்வரை, நிமிடத்திற்கு ஏறத்தாழ 4,000 சுற்றுகளைத் தாண்டாமல், மிதமாக மிதித்து வேகமெடுப்பதும் பிறகு காலை எடுத்து வேகம் தணிய விடுவதுமாக ஓட்டுங்கள். சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்பும் சாலைகளும் விரைவுச்சாலைகளும் அடுத்தடுத்து வரும் சிங்கப்பூரில் இது தானாகவே நடந்துவிடும். மலாக்காவுக்கும் தாராளமாகப் போகலாம்; ஆனால் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் குரூஸ் கண்ட்ரோலைப் போட்டு மணிக்கணக்கில் ஒரே வேகத்தில் செல்வதைத்தான் தவிர்க்க வேண்டும். (சிங்கப்பூர் எல்லைச் சோதனைச் சாவடியைக் கடக்க முக்கால் டாங்க் பெட்ரோல் இருக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.)

கேள்வி: காலையில் கார் நிறுத்துமிடத்திலேயே இன்ஜினைச் சூடேற்ற வேண்டுமா? ஆயிலை எப்போது மாற்றுவது?
- வாசகி, தெம்பனிஸ்

பதில்: சூடேற்றத் தேவையில்லை, நம் வெப்பநிலையில் அரை நிமிடமே போதும். நிறுத்திய வண்டியின் இன்ஜினைக் காரணமின்றி ஓடவிடுவது இங்கே சட்டப்படி குற்றமும்கூட. கிளம்பியபின் முதல் சில நிமிடங்கள் மென்மையாக ஓட்டினாலே இன்ஜின் சீராகச் சூடேறிவிடும். ஆயிலைப் பொறுத்தவரை வண்டியோடு வந்த கையேட்டைப் பின்பற்றுவதே என் உறுதியான பரிந்துரை. ஹோண்டா போன்ற நிறுவனங்கள், தொழிற்சாலையில் ஊற்றிய ஆயிலை முன்கூட்டியே மாற்ற வேண்டாம் என்றே சொல்கின்றன. ஆனால் ஆயில் அளவைக் காட்டும் குச்சியை எடுத்து வாரம் ஒருமுறை நீங்களே பாருங்கள். புதிய பிரேக்குகளும் பழகுவதற்குச் சில நூறு கிலோமீட்டர் ஆகும் என்பதால், அதுவரை முன்னால் செல்லும் வண்டியிலிருந்து கூடுதல் இடைவெளி விட்டே செல்லுங்கள்.