பூனைக்கு அரிப்பு நிற்கவில்லை: ரத்தப் பரிசோதனை செய்யலாமா?

கேள்வி: எங்கள் பூனை ஆறு மாதமாகக் கழுத்தையும் வாலடியையும் சொறிந்து புண்ணாக்கிக்கொள்கிறது. ஊசி போட்டால் மூன்று வாரம் நிற்கிறது, அப்புறம் மறுபடி ஆரம்பிக்கிறது. எதனால் அலர்ஜி என்று பார்க்க ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: இப்போது வேண்டாம். பூனைக்கு அலர்ஜி இருக்கிறதா என்பதையே அந்தப் பரிசோதனை உறுதியாகச் சொல்லாது. உணவு விஷயத்தில் அதை நம்பவே முடியாது. முடியை அனுப்பச் சொல்லி ஒரு பரிசோதனை விற்கிறார்களே, அது இன்னும் மோசம்.

வாலடியில் புண் என்றால் என் முதல் சந்தேகம் தெள்ளுப்பூச்சி. பூச்சி கண்ணில் படவில்லையே என்பீர்கள். பூனை நக்கியே அதை விழுங்கிவிடும். அலர்ஜி உள்ள பூனைக்குச் சில கடிகளே போதும். பேன் சீப்பால் வாரி, விழும் கறுப்புத் துகளை ஈரமான வெள்ளைத் துணியில் வையுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் எச்சம். துகளே விழாவிட்டாலும் மருத்துவர் எழுதித்தரும் தெள்ளு மருந்தை மூன்று மாதம் விடாமல் போடுங்கள். வீட்டில் வேறு பூனை, நாய் இருந்தால் அவற்றுக்கும் அதனதன் மருந்தைப் போட வேண்டும்.

"நாய் மருந்துதான், பூனைக்குப் பாதி போடுங்க" என்று கடையில் கொடுத்தால் வாங்கவே வாங்காதீர்கள். நாய்க்கான சொட்டு மருந்து, பவுடர் பலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். அது பட்டால் பூனைக்கு வலிப்பு வந்து உயிரே போகலாம். இப்படி விற்பவர்களைக் கேட்பாரே இல்லை.

அந்த ஊசி அநேகமாக ஸ்டீராய்டு. அரிப்பை அடக்கும், காரணத்தைத் தொடாது. படர்தாமரை இருந்தால் அதை அதிகமாக்கும். அடிக்கடி போட்டால் சர்க்கரை நோயும் வரலாம். தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சில நிமிடங்கள் போதும். அதைக்கூடச் செய்யாமல் மாதக்கணக்கில் ஊசி போடுவதைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. மருந்தின் பெயரை எழுதிக் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

ஒரு சந்தர்ப்பத்தில் மட்டும் மூன்று மாதம் காத்திருக்கக் கூடாது. காது ஓரத்தில் தொடங்கி முகம், கழுத்து என்று தடித்த பொருக்குப் படர்ந்தால் அது சொறிப்பூச்சியாக இருக்கலாம். மற்றப் பூனைகளுக்கு வேகமாகத் தொற்றும், உங்கள் கையிலும் அரிக்கும். உங்கள் பூனைக்குக் கழுத்திலும் புண் இருப்பதால் காதுமடலை நன்றாகப் பாருங்கள். பொருக்கு இருந்தால் அன்றைக்கே கூட்டிப்போங்கள். தோலைச் சுரண்டிப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும், நல்ல மருந்தும் உண்டு.

இதெல்லாம் பார்த்தும் அரிப்பு நிற்காவிட்டால் உணவைச் சோதிக்கலாம். மருத்துவர் தரும் தனி உணவு மட்டும், எட்டு வாரம். நடுவில் ஒரு துண்டு மீன்கூடக் கூடாது. அரிப்பு குறைந்தால் பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பாருங்கள். இரண்டு வாரத்துக்குள் சொறிய ஆரம்பித்தால் காரணம் உணவுதான்.