பச்சைப் பிள்ளையின் நாக்கும் ஒரு சொட்டு இனிப்பும்

கேள்வி: என் பேரனுக்கு 12 நாள். நாக்கின் அடிச்சவ்வு ஒட்டியிருக்கிறது, மயக்க மருந்து இல்லாமலே வெட்டலாம் என்கிறார் டாக்டர். பிள்ளை தாங்குமா? சேனை வைப்பதுபோல் தேன் தடவலாமா?
- வாசகி, மேலூர்

பதில்: தேன் வேண்டாம் அம்மா. ஒரு வயது வரை தொட்டுக்கூட வைக்காதீர்கள். அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பிள்ளையின் தசைகளைத் தளரச் செய்துவிடும். ஆனால் இனிப்பு வலியைத் தணிக்கும் என்று நீங்கள் நினைத்தது சரிதான். 24 சதவீத சுக்ரோஸ் (சர்க்கரை) கரைசலைச் சில சொட்டு, வெட்டுவதற்கு 2 நிமிடம் முன்பு நாக்கில் விடுவோம். உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

மதுரையில் என்னிடம் வருகிறவர்களை, பாட்டியின் பழைய நூல் சேலையைக் கொண்டுவரச் சொல்வேன். கைகளைச் சேர்த்து அதில் சுற்றினால் பிள்ளை திமிறாது. வெட்டுவது சில நொடி வேலை. முடிந்ததும் மார்பில் போட்டுவிட வேண்டும். தாய்ப்பாலும் அம்மாவின் உடல் சூடும் அழுகையை அடக்கிவிடும். கசியும் ரத்தமும் நின்றுவிடும்.

மரத்துப்போக வைக்கும் பென்சோகெயின் ஜெல்லைக் கடையில் வாங்கித் தடவவே கூடாது. அது ரத்தத்தில் பிராணவாயு ஓட்டத்தைக் கெடுக்கலாம்.

அப்புறம், பிள்ளை நன்றாகப் பால் குடித்து, தாய்க்கும் வலியில்லாமல், எடையும் ஏறுகிறதென்றால் வெட்டவே தேவையில்லை. முதலில் அதைக் கேளுங்கள்.