கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் குளோரின் போட்டும், அந்த நீர் போய்ச் சேரும், சிப்பி எடுக்கும் கடற்பகுதியில் பாக்டீரியா ஏன் குறையவில்லை?

முதலில் நிலையத்து நீரில் நைட்ரைட்டைப் பாருங்கள். கழிவுநீரிலுள்ள அம்மோனியா நைட்ரேட்டாக மாறுவது பாதியில் நின்றால் நைட்ரைட் தேங்கும். நைட்ரைட்டிலுள்ள நைட்ரஜன் 1 மில்லிகிராம் சுமார் 5 மில்லிகிராம் குளோரினை விழுங்கிவிடும். மருந்தைக் கூட்டிக்கொண்டே போவீர்கள், எஞ்சிய குளோரின் மட்டும் ஏறாது. அப்போது சரிசெய்ய வேண்டியது காற்றூட்டத்தை, குளோரின் பம்பை அல்ல.

அடுத்தது தொடர்பு நேரம், அதாவது குளோரின் கலந்த நீர் தொட்டியில் தங்கும் நேரம். சராசரி ஓட்டத்தில் 30 நிமிடம், உச்ச ஓட்டத்தில் 15 நிமிடமாவது வேண்டும். தொட்டியின் மூலைகளில் சேறு படிந்தால் தண்ணீர் குறுக்கே பாய்ந்து முன்னதாகவே வெளியேறிவிடும். கலங்கல் இருந்தாலும் சிக்கல்தான்: துகளுக்குள் ஒளிந்த பாக்டீரியாவைக் குளோரினும் புற ஊதா ஒளியும் எட்டாது. புற ஊதா விளக்கின் குவார்ட்ஸ் உறையில் சுண்ணாம்பும் இரும்பும் படிந்திருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள், விளக்கை அணைத்த பிறகு.

மாதிரி பாட்டிலில் சோடியம் தயோசல்பேட் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆய்வகம் போகும் வழியிலேயே குளோரின் கொன்றுகொண்டிருக்கும். எண்ணிக்கை பொய்யாகக் குறையும்.

அமெரிக்காவில் சிப்பி அறுவடைக்கு அனுமதித்த நீரில் மலக் கோலிஃபார்மின் (மலக் கலப்பைக் காட்டும் பாக்டீரியா) பெருக்கல் சராசரி (geometric mean) 100 மில்லிக்கு 14-ஐத் தாண்டக்கூடாது. குளிக்கும் கடலைவிட மிகக் கடுமையான வரம்பு இது, ஏனென்றால் சிப்பி நீரை வடிகட்டி, அதிலுள்ள கிருமிகளைத் தன் உடலில் சேர்த்துவைக்கிறது. பலர் அதைப் பச்சையாகவே சாப்பிடுகிறார்கள்.

நிலையம் சரியாக இயங்கியும் மழைக்குப் பின் மட்டும் எண்ணிக்கை எகிறினால், மழைநீர் வடிகாலையும் கழிவுத் தொட்டிகளையும் சோதியுங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நோரோவைரஸ் கோலிஃபார்மைவிடக் குளோரினை அதிகம் தாங்கும். ஆகவே சுத்திகரிக்காத கழிவுநீர் வழிந்துவிட்டால், கோலிஃபார்ம் குறைந்ததும் அவசரப்பட்டு அறுவடையைத் திறக்காதீர்கள்.