டிப்ரஷன் மனசுல தானே, உடம்பு ஏன் இப்படி படுத்துது?

டிப்ரஷன் மனசு சமாச்சாரம்னா தூக்கம், பசி எல்லாம் ஏன் போகுதுன்னு கேட்டிருக்கீங்க. மனசு வேற உடம்பு வேறன்னு நாமதான் பிரிச்சு வச்சிருக்கோம்.

டென்ஷன் வந்தா மூளைல ஹைபோதலாமஸ்ங்கற பகுதி சிக்னல் குடுக்கும், அது மூளைக்கு அடியில இருக்கற பிட்யூட்டரி சுரப்பிக்குப் போய், அங்கிருந்து கிட்னி மேல தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கற அட்ரினல் சுரப்பிக்குப் போய் கார்ட்டிசால்ங்கற ஸ்ட்ரெஸ் ஹார்மோன் சுரக்கும். அந்த கார்ட்டிசாலே திரும்ப மூளைக்குப் போய் போதும் நிறுத்துன்னு சொல்லணும், டேங்க் ரொம்பினா மோட்டார் தானா ஆஃப் ஆகற மாதிரி. டிப்ரஷன்ல சிலருக்கு இந்த ஆஃப் ஆகறதுதான் சொதப்புது.

இதை எப்படி கண்டுபிடிச்சாங்கன்னா, ராத்திரி கார்ட்டிசால் மாதிரியே மூளைக்கு போதும்னு சொல்ற டெக்ஸாமெத்தசோன் மாத்திரை குடுத்து மறுநாள் ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க, கார்ட்டிசால் குறைஞ்சிருக்கணும், ஆனா கடுமையான டிப்ரஷன்ல பலருக்கு குறையல. சரி இதையே டிப்ரஷனுக்கு டெஸ்டா வச்சுக்கலாம்னு 1980கள்ல பயங்கர ஆர்வமா இருந்தாங்க, ஆனா டிப்ரஷன் இருந்தும் ரிசல்ட் நார்மலா வந்தவங்க ஏகப்பட்ட பேர், அதோட புஸ்ஸுனு போச்சு. அதனால டிப்ரஷனான்னு பார்க்க மட்டும் கார்ட்டிசால் டெஸ்டுக்கு காசு கொட்டாதீங்க.

ஜெர்மனில ட்ரியர் யுனிவர்சிட்டில 1993ல வேணும்னே டென்ஷன் ஏத்திப் பார்க்கற ஒரு டெஸ்ட் கொண்டு வந்தாங்க, முகத்துல சிரிப்பே காட்டாத ஆளுங்க முன்னாடி பேசணும், அப்புறம் 1022ல இருந்து 13 13ஆ கழிச்சுட்டே போகணும் (எனக்கு நினைச்சாலே வேர்க்குது). இந்த மாதிரி டெஸ்ட்கள்ல டிப்ரஷன் இருக்கறவங்களுக்கு கார்ட்டிசால் கீழ இறங்க லேட் ஆகுது, ஆனா எல்லாருக்கும் இப்படி இல்ல, அதிகமா தூங்கி அதிகமா சாப்பிடற டைப் டிப்ரஷன்ல கார்ட்டிசால் ஏறாமலே கூட இருக்கும்.