இரைப்பைப் புற்றுநோய்: காரத்தை விட உப்பே கவலைக்குரியது

கேள்வி: என் தந்தைக்கு 61 வயதில் இரைப்பைப் புற்றுநோய் கண்டறியப்பட்டு அறுவைச் சிகிச்சை நடந்துள்ளது. நேரம் தவறிச் சாப்பிட்டதும் காரத்தை அதிகம் சேர்த்துக்கொண்டதுமே காரணம் என்கிறார்கள் உறவினர்கள். 38 வயதாகும் எனக்கும் அடிக்கடி நெஞ்செரிச்சல் வருகிறது. உணவை மாற்றிக்கொண்டால் தப்பிக்கலாமா?

பதில்: உங்கள் தந்தை இந்த நோயைத் தாமே வரவழைத்துக்கொண்டார் என்ற பேச்சை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள், நோயுற்றவருக்கு அது தேவையற்ற பாரம். காரம் எரிச்சலைக் கூட்டலாமே தவிர, அதுவோ நேரம் தவறிய உணவோ இரைப்பைப் புற்றுநோயை உண்டாக்கும் என்று நிறுவப்படவில்லை.

முதன்மையான காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியா. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-லேயே இதைப் புற்றுநோய்க் காரணியாக வகைப்படுத்திவிட்டது. பெரும்பாலும் சிறுவயதில் தொற்றி, பல ஆண்டுகள் அறிகுறியே இல்லாமல் இரைப்பையின் உட்சுவரில் அழற்சியை ஏற்படுத்தி, அங்குள்ள சுரப்பிகளை மெல்ல மெல்ல நலிவடையச் செய்யும் கிருமி இது. ஆயினும் தொற்று உள்ளவர்களில் மிகச் சிலருக்கே புற்றுநோய் வருகிறது. அந்த வேறுபாட்டில் உணவுக்கும் பழக்கங்களுக்கும் பங்குண்டு.

உணவில் நான் முதலில் கைவைக்கச் சொல்வது உப்பில்தான். மிகுதியான உப்பு இரைப்பையைக் காக்கும் சளிப்படலத்தைச் சிதைத்து, கிருமியின் வேலையை எளிதாக்குகிறது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டி அளவுக்குள், உப்பு இருக்க வேண்டும். உப்பிட்டுப் பதப்படுத்திய மீன், இறைச்சி, காய்கறிகளிலும் பொட்டலத் தின்பண்டங்களிலும் உள்ள உப்பும் இந்தக் கணக்கில் சேரும். பதப்படுத்திய இறைச்சியில் சேர்க்கப்படும் நைட்ரைட், வயிற்றில் புற்றுநோயைத் தூண்டும் சேர்மங்களாக மாறக்கூடும். பழங்களிலும் காய்கறிகளிலும் உள்ள வைட்டமின் சி அந்த மாற்றத்தைத் தடுக்கிறது. குளிர்சாதனப் பெட்டி பரவலாகி, உப்பிட்டுச் சேமிக்கும் வழக்கம் குறைந்த நாடுகளில் இந்நோய் வெகுவாகக் குறைந்ததற்கு இந்த மாற்றமும் ஒரு காரணம்.

புகைப்பவராக இருந்தால் இன்றே விடுங்கள். மதுவும் அவ்வாறே. உடல் பருமனும் நாட்பட்ட அமில எதுக்களிப்பும், உணவுக்குழாயை ஒட்டிய இரைப்பையின் மேற்பகுதியில் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகின்றன.

ஆனால் எந்த உணவும் அந்தக் கிருமியை அகற்றாது. பெற்றோரில் ஒருவருக்கு இந்நோய் இருந்ததால், அந்தக் கிருமி இருக்கிறதா என்று அறிய நீங்களும் உடன்பிறந்தவர்களும் மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்துகொள்வது அவசியம். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதை இரண்டு வாரம் முன்பே நிறுத்தாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும். தொற்று உறுதியானால் மருந்துகளை, வழக்கமாக 14 நாட்கள், இடையில் நிறுத்தாமல் சாப்பிட்டு, பின்னர் மறுபரிசோதனையும் செய்ய வேண்டும். நெஞ்செரிச்சலோடு எடைக்குறைவு, விழுங்குவதில் சிரமம், கருநிற மலம், ரத்தசோகை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், கேமரா பொருத்திய குழாயை வாய்வழியே செலுத்தி இரைப்பையைப் பார்க்கும் எண்டோஸ்கோப்பியைத் தள்ளிப்போடாதீர்கள். மருத்துவரிடம் செல்லும்போது தந்தையின் திசுப் பரிசோதனை அறிக்கையையும் எடுத்துச் செல்லுங்கள். சிலவகைப் புற்றுநோய்கள் மரபணு வழியே வருபவை என்பதால், உங்களுக்கு எந்த அளவு கண்காணிப்பு தேவை என்பதை அதைப் பார்த்தே அவர் தீர்மானிப்பார்.