தொட்டித் தண்ணீர் எத்தனை டிகிரி? தெர்மோமீட்டர் பற்றிய கேள்வி பதில்

மீன் தொட்டிக்குத் தெர்மோமீட்டர் வாங்குவது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். இத்தனை பேர் கேட்பீர்கள் என்று நினைக்கவில்லை. பல வருடங்களாகச் சென்னையில் தொட்டி வைத்திருக்கிறேன், கடை எதுவும் கிடையாது. அதனால் எதையும் உங்கள் தலையில் கட்ட வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

கேள்வி (தாம்பரம்): அண்ணா, புதிதாக இரண்டடித் தொட்டி வைத்திருக்கிறேன். கடையில் கண்ணாடிக் குழாய், ஸ்டிக்கர், டிஜிட்டல் என்று மூன்று காட்டினார்கள். எதை வாங்கட்டும்?

பதில்: கண்ணாடிக் குழாய் வாங்குங்கள் தம்பி. உள்ளே சிவப்பு அல்லது நீலச் சாயம் கலந்த ஸ்பிரிட் இருக்கும். சூட்டில் விரிந்து மேலே ஏறும், அதற்கு வேறு வேலை இல்லை. பேட்டரி தீராது, ஒயரில் தண்ணீர் புகாது.

ஆனால் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் முதல் மீட்டரை வாங்கி வந்துவிடாதீர்கள். டப்பாவில் இருக்கும் பத்தையும் மேஜையில் வரிசையாகப் படுக்க வைத்து ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். எல்லாம் ஒரே அறையில் கிடப்பவை, ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். காட்டாது! ஏழெட்டு 30-ஐ ஒட்டி நின்றால், ஒன்று 27-இலும் ஒன்று 32-இலும் தனியாக நிற்கும். கூட்டத்தோடு நிற்பதில் ஒன்றை எடுங்கள். சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் நான் இப்படிச் செய்தபோது ஒரு மாதிரிதான் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

இன்னொரு விஷயம். குழாய்க்குள் எண்கள் அச்சிட்ட காகிதம் தனியாக இருக்கும். மலிவானவற்றில் அது நாளடைவில் நழுவும். ஸ்பிரிட் சரியாகத்தான் நிற்கும், எண் கீழே இறங்கியிருக்கும். வாங்கியதும் காகிதத்தின் விளிம்பு எங்கே இருக்கிறது என்று செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

கேள்வி (மதுரை): என்னிடம் கண்ணாடி மீட்டர் 26 என்கிறது, டிஜிட்டல் 28.4 என்கிறது. புள்ளிக்குப் பிறகும் எண் காட்டுவதால் டிஜிட்டலைத்தானே நம்ப வேண்டும்?

பதில்: அந்தப் புள்ளியை நம்பித்தான் நான் மூன்று டிஸ்கஸ் மீன்களை இழந்தேன். ஹீட்டர் அணையாமல் மாட்டிக்கொண்டது. புரோபுக்குள் (ஒயர் நுனியில் தண்ணீருக்குள் இருந்து சூட்டை அளக்கும் முனை) ஈரம் இறங்கிய டிஜிட்டல் மீட்டரோ 28.6 என்றே காட்டிக்கொண்டிருந்தது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கவும்தான் கையை விட்டுப் பார்த்தேன். வேறு மீட்டரை எடுத்து வைத்தால் 34.

பத்தில் ஒரு பங்கு டிகிரி வரை எண் காட்டுவது வேறு, அந்த எண் சரியாக இருப்பது வேறு. சாதாரண டிஜிட்டல் மீட்டரின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள், 1 டிகிரி கூடக் குறைய இருக்கலாம் என்று பொடி எழுத்தில் அதிலேயே போட்டிருக்கும். அதாவது 28.4 என்றால் உண்மை 27.4 முதல் 29.4 வரை எதுவாகவும் இருக்கலாம்.

எது சரி என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். முதலில் ஐஸ். கட்டிகளைத் துணியில் சுற்றி நன்றாக நொறுக்கி ஒரு டம்ளரை நிரப்புங்கள். இடைவெளிகள் நிரம்பும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த தண்ணீர் விடுங்கள். ஐஸ் மிதக்கும் அளவுக்குத் தண்ணீர் விட்டால் சோதனை கெட்டது. உப்பும் போடக் கூடாது, போட்டால் பூஜ்யத்துக்கும் கீழே போய்விடும். கிளறிவிட்டு மீட்டரின் முனை நடுவில் நிற்கும்படி ஐந்து நிமிடம் பிடியுங்கள். 0 காட்ட வேண்டும். அளவு 0 வரை இல்லாத மீட்டரை இதில் சோதிக்க முடியாது.

நமக்கு வேண்டியது 0 அல்ல, 28-ஐ ஒட்டிய கணக்கு. அதற்கு எல்லார் வீட்டிலும் ஒரு நல்ல கருவி இருக்கிறது: காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மோமீட்டர். மருத்துவத்துக்கு என்பதால் அதன் துல்லியம் தொட்டி மீட்டரைவிடப் பல மடங்கு மேல், பெரும்பாலும் 0.1 டிகிரிக்குள் இருக்கும். ஆனால் 32-க்குக் கீழே காட்டாது என்பதால் தொட்டியில் நேராக விட முடியாது. ஒரு பக்கெட்டில் உடம்புச் சூட்டுக்குத் தண்ணீர் கலந்து கொள்ளுங்கள். சிறிய டம்ளர் வேண்டாம், சீக்கிரம் ஆறிவிடும். காய்ச்சல் மீட்டரின் முனையையும் தொட்டி மீட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக் கிளறுங்கள். பீப் சத்தம் கேட்ட அதே நொடியில் இரண்டையும் படியுங்கள். ஒன்று 36.4, மற்றது 35 என்றால் உங்கள் மீட்டர் 1.4 குறைத்துக் காட்டுகிறது. காய்ச்சல் மீட்டர் ஃபாரன்ஹீட்டில் காட்டினால் 32-ஐக் கழித்து 1.8-ஆல் வகுத்துக் கொள்ளுங்கள்.

அந்த 1.4-ஐ ஒரு துண்டுத் தாளில் எழுதித் தொட்டி மேல் ஒட்டிவிட்டால் போதும், மீட்டரைத் தூக்கிப் போட வேண்டாம். எப்போதும் ஒரே அளவு தப்பாகக் காட்டுவதை வைத்துக் குடித்தனம் நடத்தலாம். இன்று கூட்டி நாளை குறைத்துக் காட்டுவதுதான் குப்பைக்குப் போக வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மறுபடி சோதியுங்கள்.

கொதிக்கும் தண்ணீரில் மட்டும் சோதிக்காதீர்கள். தொட்டிக்கான கண்ணாடி மீட்டரின் அளவு 50 டிகிரி வரைதான். ஸ்பிரிட் விரிய இடமில்லாமல் குழாய் வெடிக்கும்.

கேள்வி (அண்ணா நகர்): ஏசி அறையில் தொட்டி. கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கர் 24 காட்டுகிறது, கையை விட்டால் அப்படித் தெரியவில்லையே?

பதில்: உங்கள் கை சரி. ஸ்டிக்கரில் இருப்பது சூட்டுக்கு ஏற்ப நிறம் மாறும் திரவப் படிகம். அது பார்ப்பது தண்ணீரை அல்ல, தான் ஒட்டியிருக்கும் கண்ணாடியை. கண்ணாடியின் ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் ஏசிக் காற்று. இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஒரு எண்ணைத்தான் காட்டும். கண்ணாடி தடிமனாக இருந்தால் வித்தியாசம் இன்னும் கூடும். பல எண்கள் ஒளிர்ந்தால் பச்சையாகத் தெரிவதைப் படிக்க வேண்டும் என்பதும் நிறையப் பேருக்குத் தெரியாது. தூரத்திலிருந்து ஒரு பார்வை பார்க்க ஸ்டிக்கர் இருக்கட்டும், ஹீட்டரைத் திருகுவதை அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

கேள்வி (திருச்சி): சார், கொரோனா நேரத்தில் வாங்கிய நெற்றியில் காட்டும் துப்பாக்கி சும்மா கிடக்கிறது. தொட்டிக்கு உதவுமா?

பதில்: உடம்பு என்ற நிலையிலிருந்து பொருள் என்ற நிலைக்கு மாற்றும் வசதி அதில் இருந்தால் ஓரளவு உதவும். கண்ணாடி வழியாகக் காட்டாதீர்கள், அகச்சிவப்புக் கதிர் அதைத் தாண்டி வராது, கண்ணாடியின் சூடுதான் தெரியும். மூடியைத் திறந்து மேலிருந்து நேராகத் தண்ணீரைப் பார்த்துக் காட்டுங்கள். அப்போதும் மேற்பரப்பின் சூடு மட்டும்தான். ஃபேன் ஓடினால் ஆவியாவதால் மேல்தண்ணீர் கொஞ்சம் குளிர்ந்திருக்கும். தண்ணீர் மாற்றும்போது பக்கெட்டைச் சட்டென்று பார்க்க நான் இதைத்தான் வைத்திருக்கிறேன்.

கேள்வி (வேளச்சேரி): சென்னை வெயிலுக்கு ஹீட்டரே வேண்டாம் என்கிறார்கள். அப்புறம் தெர்மோமீட்டர் எதற்கு?

பதில்: ஹீட்டர் இல்லாதவர்களுக்குத்தான் மே மாதம் அது முக்கியம். தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் ஒரு லிட்டரில் சுமார் 9.1 மில்லிகிராம் கரையும், 30 டிகிரியில் சுமார் 7.5 தான். அதே சூட்டில் மீனுக்கு ஆக்சிஜன் தேவையோ கூடுகிறது. கோல்டு ஃபிஷ் 18 முதல் 24 வரை விரும்பும் குளிர் மீன். நம் ஊரில் 31, 32-இல் அது உயிரோடு இருக்கிறது என்றால் சகித்துக்கொண்டு இருக்கிறது என்று அர்த்தம். 30-ஐத் தாண்டினால் ஏர் பம்பைக் கூட்டுங்கள், மூடியைத் திறந்து மேலே ஒரு சிறிய ஃபேன் வையுங்கள். இரண்டு டிகிரி இறங்கும். ஈரக்காற்று அடிக்கும் நாளில் அதுவும் இறங்காது.

இன்னொரு ஆபத்து மாடித் தொட்டி. மத்தியானம் மூன்று மணிக்கு அந்தக் கறுப்புத் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரில் கை வைக்க முடியாது. அதைப் பிடித்து அப்படியே ஊற்றி மொத்த மீனையும் கொன்றவர்களை எனக்குத் தெரியும். பக்கெட்டில் மீட்டரை விட்டுப் பாருங்கள், தொட்டிக்கும் அதற்கும் இரண்டு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் காத்திருங்கள்.

கேள்வி (சேலம்): டிஜிட்டல் மீட்டர் வாங்கி இரண்டு நாள்தான் ஆகிறது. இன்று காலை 82 காட்டுகிறது! மீன்கள் நன்றாகத்தான் இருக்கின்றன.

பதில்: பின்னால் இருக்கும் குட்டிப் பொத்தானை யாரோ அழுத்தியிருக்கிறார்கள். அது ஃபாரன்ஹீட், நம் கணக்கில் 27.8. வீட்டில் குழந்தைகள் உண்டா?

கேள்வி (ஊட்டி): ஹீட்டரில் 26 வைத்திருக்கிறேன், தண்ணீர் 23-ஐத் தாண்டவில்லை. மீட்டர் கோளாறா, ஹீட்டர் கோளாறா?

பதில்: முதலில் மேலே சொன்ன காய்ச்சல் மீட்டர் சோதனையைச் செய்யுங்கள். மீட்டர் சரி என்றால், ஹீட்டரின் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறதா, அணைந்துவிட்டதா என்று பாருங்கள். எரிந்துகொண்டே இருந்தால் உங்கள் ஊர்க் குளிருக்கு வாட் போதவில்லை. லிட்டருக்கு 1 வாட் என்பது பொதுக் கணக்கு, உங்களுக்கு அதற்கு மேலே வேண்டும். 23-லேயே அணைந்துவிட்டால் திருகியில் உள்ள எண் தப்பு. அது ஒன்றிரண்டு டிகிரி தப்பாக இருப்பது சகஜம். மீட்டரைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுங்கள், ஒவ்வொரு திருகலுக்கும் ஒரு நாள் விடுங்கள்.

கேள்வி (ஈரோடு): மீட்டரைத் தொட்டியில் எங்கே மாட்டுவது?

பதில்: ஹீட்டருக்கு எதிர்ப் பக்கம், பாதி ஆழத்தில், தண்ணீர் ஓட்டம் உள்ள இடத்தில். லைட்டுக்கு நேர் கீழே வேண்டாம். சக்‌ஷன் கப் ஒரு வருடத்தில் விறைத்துவிடும், அதை மட்டும் மாற்றுங்கள்.

கேள்வி (கோவை): டிஸ்கஸ் வளர்க்கிறேன். புரோப் உள்ள கன்ட்ரோலர் போடலாமா?

பதில்: கட்டாயம் போடலாம். தண்ணீரின் சூட்டைப் பார்த்து ஹீட்டருக்குப் போகும் கரண்டைத் தானே போட்டு நிறுத்தும் பெட்டி அது. ஹீட்டரின் உள்கட்டுப்பாடு மாட்டிக்கொண்டாலும் கன்ட்ரோலர் கரண்டை நிறுத்திவிடும். டிஸ்கஸுக்கு 29 என்றால் கன்ட்ரோலரில் 29, ஹீட்டரின் திருகியில் 30 வையுங்கள். ஒன்று தவறினாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். புரோபைக் கெட்டியாகக் கட்டுங்கள். அது நழுவி வெளியே விழுந்தால் அறைக் காற்றைத்தான் அளக்கும். காற்று குளிர்ந்திருந்தால் ஹீட்டரை அணைக்கவே அணைக்காது. அதனால்தான் கன்ட்ரோலர் இருந்தாலும் ஒரு கண்ணாடிக் குழாயைத் தொட்டிக்குள் விட்டு வைத்திருக்கிறேன். இரண்டும் ஒத்துப்போகாத நாளில் என்னவோ நடக்கிறது என்று தெரிந்துவிடும்.

கேள்வி (பாண்டிச்சேரி): ஆஸ்கர் மீன் மீட்டரை இடித்து உடைத்துவிட்டது. தண்ணீரில் சிவப்புத் திரவம் கலந்தது. விஷமா?

பதில்: சிவப்பு என்றால் ஸ்பிரிட், அளவும் சில சொட்டுதான். பாதித் தண்ணீரை மாற்றி, ஃபில்டரில் கொஞ்சம் கார்பன் போடுங்கள். கண்ணாடித் துண்டுகளையும் குழாயின் அடியில் எடைக்காக வைத்திருந்த குண்டுகளையும் முதலில் எடுங்கள், ஆஸ்கர் எதையும் விழுங்கிப் பார்க்கும். அந்த மீனோடு இனிக் கண்ணாடி வேண்டாம், புரோபை ஃபில்டர் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): தாத்தாவின் பழைய பாதரசத் தெர்மோமீட்டர் இருக்கிறது. நன்றாக வேலை செய்கிறது. அதை உபயோகிக்கலாமா?

பதில்: தொட்டிக்குள் வேண்டாம். உள்ளே வெள்ளிபோல மின்னினால் பாதரசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடைந்தால் தண்ணீரை மாற்றிச் சமாளிக்க முடியாது, கல், மணல், ஃபில்டர் பஞ்சு எல்லாவற்றிலும் தங்கிவிடும். மற்ற மீட்டர்களைச் சரிபார்க்கத் தனிப் பக்கெட்டில், உடையாமல் வைத்துக்கொள்ளலாம். அந்தப் பக்கெட்டைத் தொட்டிக்குத் தண்ணீர் எடுக்க உபயோகிக்காதீர்கள்.